சேர்ந்தவர், படிப்பவர்

1. திங்கட்கிழமை அலுவலகத்தில் புது வேலை வந்தது: இரண்டு சிறிய தீவு நாடுகளில் உயர்கல்வியில் சேர்ந்திருக்கும் ஆண்களை ஒப்பிட்டு ஓர் இணையப் பக்கம்.
2. மாலை காரிமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனால், என் லேப்டாப்பின் மேல் தம்பியின் ரெக்கார்டு நோட்டுகள் மூன்று. மூன்றிலும் ஓர் எழுத்து இல்லை.
3. செவ்வாய்க்கிழமை முதலாளியோடு ஒரு சொல்லுக்காக வாதாடினேன்.
4. புதன்கிழமை தம்பி போன் செய்தான்.
5. வெள்ளிக்கிழமை நோட்டுகளை அப்படியே அம்மாவிடம் கொடுத்தேன்.

தம்பி மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. கல்லூரி அப்படிச் சொல்கிறது. இரண்டாம் ஆண்டு தொடங்கியதிலிருந்து அவன் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறான். கல்லூரிக்கு ஆள் கணக்கு வேண்டும். வருகைப் பதிவை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கு, பெண் பார்க்கும்போது சொல்ல ஒரு பி.இ. வேண்டும். ரெக்கார்டு நோட்டு இல்லாமல் செய்முறைத் தேர்வுக்கு விட மாட்டார்கள். அதனால் மூன்று செமஸ்டராக நான் எழுதினேன். அவன் பார்த்தே இராத இயந்திரம், அவன் எடுக்காத அளவுகள், இடதுபுறம் சாயும் அவன் கையெழுத்து.

முதலாளி வைத்த தலைப்பு: எந்த நாட்டில் ஆண்கள் அதிகம் படிக்கிறார்கள்?

“படிக்கிறாங்கன்னு இதுல இல்லைங்க சார். சேந்திருக்காங்கன்னுதான் இருக்குது.”

“ரெண்டும் ஒன்னுதானம்மா. சேராம எவன் படிப்பான்?”

“படிக்காம சேருவாங்க சார். எங்க வூட்லயே ஒன்னு இருக்குது.”

சிரித்தார். தலைப்பை மாற்றவில்லை.

அந்த நாடுகளைப் பற்றி எனக்குத் தெரியாது. அங்கே சேர்ந்தவர்கள் நிஜமாகவே படிக்கிறார்களோ என்னவோ. ஆனால் திரையில் ஆண்களின் எண்ணிக்கையைக் காட்டும் நீலக் கட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் தம்பிதான் நினைவுக்கு வந்தான். எங்கள் ஊரில் இந்தக் கணக்கை எடுத்தால் அவனும் அதில் ஓர் ஆள். நான் எம்.இ. சேரக் கேட்டபோது, பொட்டப்புள்ளைக்குப் படித்தது போதும் என்றார்கள்.

“அக்கா, சனிக்கிழமை கடைசி. படம் மட்டும் நல்லா போடுக்கா. போன பிராக்டிகல்ல சார் பாராட்டுனாரு” என்றான் தம்பி.

“யார?”

“என்னத்தான்.”

“நீ கிளாசுக்குப் போயி எத்தன மாசம் ஆச்சு?”

“அத வுடுக்கா. ரோல்ல பேரு இருக்குதில்ல.”

அதில் கேலியே இல்லை. அவனைவிட என்மேல்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது. அந்தப் பேருக்குக் கையும் எழுத்தும் கொடுத்தது நான்.

“நாலு படம் போட்டா கை தேஞ்சுடுமா?” என்றார் அம்மா.

“தேயாதும்மா. அவனே வந்து போடட்டும்.”

“ஒரு வருசம் போயிடும்டி. பொண்ணு வூட்டுக்காரங்க கேட்டா என்னத்தச் சொல்றது?”

“ஓசூர்ல வேல பாக்கறான்னு சொல்லு. அதாச்சும் நெசம்.”

இப்போதைய நிலைமை இது. இணையப் பக்கம் முதலாளியின் தலைப்போடே வெளியாகிவிட்டது. தம்பியைச் செய்முறைத் தேர்வுக்கு விடவில்லை. அந்தத் தாள்களை அடுத்த வருடம்தான் எழுத முடியும். அம்மா எனக்குச் சாப்பாடு எடுத்து வைக்கிறார், பேசுவதில்லை. நான் எழுதவில்லை.