அன்ரனா இல்லாத கொன்ட்ரோலர்

அண்ணை லண்டனிலிருந்து திரும்பி வந்தபோது அவருடன் வந்தவை ஒரு சக்கர நாற்காலி, ஒரு பை நிறைய மருந்து, பதினொரு அட்டைப் பெட்டிகளில் சின்ன ரயில் சாமான். பக்கவாதம் அவருடைய இடது பக்கத்தை எடுத்துக்கொண்டு வலது கையை மட்டும் நடுக்கத்தோடு விட்டு வைத்திருந்தது. மனைவி இறந்து மூன்று வருடம். பிள்ளைகள் இல்லை. "இனிச் சாகுமட்டும் எங்கட ஊர் முரசுமோட்டைதான்" என்று சொல்லிக்கொண்டு வந்திறங்கினார். வீட்டிலேயே பெரிய அறையை அவருக்கு ஒதுக்கினோம். அங்கே அடுக்கியிருந்த நெல்லுச் சாக்குகள் விறாந்தைக்கு வந்தன.

பெட்டிகளுக்குள் இருந்தது விளையாட்டுச் சாமான் என்று நினைத்தால் பிழை. அறையின் மூன்று சுவர்களையும் ஒட்டிப் பலகை அடித்து, அதன்மேல் தண்டவாளம் பூட்டவே எனக்கு ஒரு மாதம் எடுத்தது. விரல் நீள எஞ்சின்கள், செங்கல் ஸ்ரேசன், பச்சைப் புல்லில் வெள்ளை ஆடுகள், கூரைகளில் பனி. வெளியே வெயிலில் நெல் காயும். உள்ளே பனி பெய்திருக்கும். என் மனைவி இரண்டு நாளைக்கொருமுறை அந்த ஆடுகளுக்குத் தூசி தட்டினாள். சொந்த ஆட்டைக்கூட அவள் அப்படிக் கவனித்தது கிடையாது.

ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் ஒரு சின்ன மின்சுற்றுப் பலகை உண்டு. அதற்கொரு இலக்கம். கொன்ட்ரோலரில் இலக்கத்தை அழுத்தினால் அந்த எஞ்சின் மட்டும் ஓடும், நிற்கும், ஊதும். பழைய கொன்ட்ரோலர் ஒரு மூலையில் வயரால் கட்டுப்பட்டிருந்தது. லண்டனில் அவர் எழும்பி நடந்து, ரயிலோடு கூடப் போய் ஓட்டியவர். இப்போது அந்த மூலையில் நாற்காலியை விட்டால் பாதி ரயில்பாதை அவருடைய முதுகுக்குப் பின்னால் போய்விடும். ரயில் அங்கே போய்த் திரும்பி வரும்வரைக்கும் அவர் காதை மட்டும் கொடுத்துக்கொண்டு இருப்பார்.

"நடுவில இருந்து ஓட்டவேணும், தம்பி. கையில வச்சு நானே ஓட்டவேணும். ஆரும் ஓட்டிக் காட்டினால் அது ரீவி பாக்கிற மாதிரி" என்றார்.

சாப்பாட்டை ஊட்டவேண்டும், மலசலகூடத்துக்குத் தூக்கவேண்டும், சட்டைப் பொத்தானைப் பூட்டிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் எங்களிடம் கையேந்தியிருந்த மனிதர் தன்னுடைய கையால் செய்யக் கேட்டது இது ஒன்றைத்தான். அது எனக்கு நன்றாகவே விளங்கியது. விளங்காமல் செய்தேன் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

வயர் இல்லாத கொன்ட்ரோலர் இரண்டு வகையில் கிடைத்தது. ஒன்று ரீவி றிமோட் அளவு. நடுவில் தடித்த வட்டக் குமிழ், உச்சியில் விரலளவு அன்ரனா. மற்றது தண்டவாளத்தில் பூட்டுகிற ஒரு சின்னப் பெட்டி. அதை வைஃபையில் போனோடு இணைத்து, போனின் கண்ணாடியில் விரலை இழுத்து ஓட்டவேண்டும். கோயில் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து வருகிற அவருடைய சிநேகிதர் எதைச் சொன்னாலும் வாங்கி வருவார். ஒரு கிழமைக்குள் சொல்லவேண்டும்.

பரந்தன் சந்தியில் முப்பது வருடமாக ரேடியோ, ரீவி, போன் திருத்துகிறவன் நான். அண்ணை என்னைப் பார்த்து, "நீதான் சொல்லவேணும். உந்த விசயத்தில எனக்கு மேல நீ" என்றார்.

என் ஆயுளில் அவர் என்னிடம் கேட்ட முதல் ஆலோசனை அது. அதுவரைக்கும் லண்டனிலிருந்து போனிலேயே எல்லாம் முடிந்துவிடும். கிணறு எத்தனை அடி, கேற்றுக்கு என்ன நிறம், தங்கச்சிக்கு எந்த மாப்பிள்ளை, நான் வெளிநாடு போவதா வேண்டாமா எல்லாவற்றையும் அவரே தீர்மானிப்பார். நான் "ஓம் அண்ணை" என்பேன். காசு கொடுக்கிற கை மேலே இருக்கும், வாங்குகிற கை கீழே இருக்கும். முப்பத்தைந்து வருடம் கீழே இருந்தால் கை மட்டுமல்ல, கழுத்தும் வளையும்.

ஆனாலும் தொழிலை ஒழுங்காகத்தான் செய்தேன். கடையிலிருந்து ஒரு பழைய ரேடியோவைக் கொண்டுவந்து, சத்தம் கூட்டிக் குறைக்கிற குமிழை அவருடைய வலது கையில் பிடிக்கக் கொடுத்தேன். விரல் நடுங்கியது. ஆனால் பிடித்தவுடன் நடுக்கம் குமிழுக்குள் அடங்கிவிட்டது. நான் சொன்ன இடத்துக்குத் திருப்பினார்; ஒரு நூல் கூடவுமில்லை, குறையவுமில்லை. பிறகு என் போனைக் கொடுத்தேன். கண்ணாடியில் விரல் இரண்டு மூன்று இடத்தில் பட்டு, யாரோ ஒரு வாடிக்கையாளருக்கு அழைப்பே போய்விட்டது. "இது கொஞ்சம் பழகவேணும் போல" என்று வெட்கத்தோடு சிரித்தார். குமிழ் வைத்ததுதான் அவருக்குச் சரி. இதற்கு முப்பது வருட அனுபவம் தேவையில்லை, குருடனும் சொல்லுவான்.

அன்று பின்னேரம் வயர் ஒன்றை ஒட்டுவதற்காகப் பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். லண்டனில் செய்த பழைய பலகையின் அடிப்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. அண்ணையின் கையெழுத்து. "தொடக்கம்" என்றும், அதன் கீழே ஒரு மாதமும் வருடமும்.

இரண்டு தரம் வாசித்தேன். அந்த மாதம் கடைசிச் சண்டையில் ஓடிய நாங்கள் கடற்கரை மணலில் பங்கர் வெட்டி, மேலே தறப்பாள் இழுத்து, அதற்குள் கிடந்தோம். அந்த மாதம்தான் எங்களைப் பெற்ற ஐயா செத்தார். பெட்டி இல்லை, பறை இல்லை, கொள்ளி இல்லை. என் மனைவியின் சேலையில் சுற்றி மணலில் தாட்டுவிட்டு, ஊற்றிய தண்ணீர் காயுமுன்னே அடுத்த இடத்துக்கு ஓடினோம். அதே மாதம் இவர் லண்டனில் பசை பூசி ஆடு ஒட்டத் தொடங்கியிருக்கிறார். ஈயம் உருக்கி ஒட்டுகிற கம்பி கையில் சூடாகப் புகைந்துகொண்டிருக்க, பலகைக்கு அடியில் படுத்தபடி நான் என் அண்ணையை வெறுத்தேன். அதற்கு வேறு பெயர் வைக்க முடியாது.

அடுத்த நாள் காலை தேத்தண்ணியோடு போய் அவருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன்.

"அண்ணை, உந்த அன்ரனா வச்ச சாமான் இஞ்ச சரிவராது."

"ஏன்ரா தம்பி?"

"அது வயர்லெஸ் எல்லோ. வோக்கி டோக்கி மாதிரி. வீட்டுக்குள்ள இருந்து சிக்னல் போனால் பிடிக்கிற மெசின் ஆமிக்காரர் வச்சிருக்கிறாங்கள். ஆக்கள் வருவினம். வெளிநாட்டிலயிருந்து வந்தவர் வேற நீங்கள்."

அவருடைய முகத்தில் ஒரு பாதிதான் அசையும். அந்தப் பாதி வெளுத்தது. நான் சொன்னது முழுப் பொய். அன்ரனா இல்லாவிட்டால் என்ன, போனும் வைஃபைப் பெட்டியும்கூடக் காற்றில்தான் சிக்னல் விடுகின்றன. எங்கள் கடைக்கு வருகிற பள்ளிக்கூடப் பிள்ளையிடம் இதைச் சொல்லியிருந்தால் விழுந்து சிரித்திருக்கும். ஆனால் அண்ணைக்கு ஊரைப்பற்றித் தெரிந்தது பயம் ஒன்றுதான். முப்பத்தைந்து வருடம் தூரத்திலிருந்து செய்தி கேட்டு வளர்த்த பயம். எங்கே குத்தினால் நோகும் என்று தம்பிக்காரனுக்குத் தெரியாதா?

"அப்ப போன்தான்" என்றார். "நல்ல காலம், உன்னட்டக் கேட்டன்."

குசினிக்குள் மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. "ஏன் அத்தானுக்கு அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்றாள். நான் பலகையின் அடியில் பார்த்ததைச் சொன்னேன். அவளும் அந்தப் பங்கருக்குள் கிடந்தவள். சுற்றியது அவளுடைய சேலை. மிச்சத் தேங்காயையும் துருவி முடித்தாள். பிறகு, "அந்தாள் உங்களை நம்பியிருக்குது. உந்த விளையாட்டு வேண்டாம்" என்றாள். நான் கடைக்கு நேரமாகிவிட்டது என்று சைக்கிளை எடுத்தேன்.

திருவிழாவுக்கு வந்த சிநேகிதர் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். நானே பூட்டினேன், நானே போனில் செயலியை ஏற்றினேன், வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. அண்ணையை அறையின் நடுவில் கொண்டுபோய் விட்டேன். கலியாண மாப்பிள்ளைபோல் சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு இருந்தார். கண்ணாடியில் விரல் வைத்ததும் எஞ்சின் வெறி பிடித்ததுபோல் பாய்ந்து, முதல் வளைவில் ஆடுகளுக்குமேல் கவிழ்ந்தது. தூக்கி வைத்தேன். திரும்பவும் பாய்ந்தது. நாலாம் தரம் அவர் போனை மடியில் வைத்துவிட்டு, "என்ர கை சரியில்லை, தம்பி. சாமான் நல்ல சாமான்" என்றார்.

"பழகப் பழகச் சரிவரும் அண்ணை, கவலைப்படாதையுங்கோ" என்று முதுகைத் தடவினேன். வாசலில் நின்ற மனைவி, "ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுததாம்" என்று எனக்குமட்டும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு கடை பூட்டிவிட்டு வந்து ஒவ்வொரு பின்னேரமும் நான்தான் ஓட்டினேன். அவர் நடுவில் இருந்து பார்த்தார். "ஸ்ரேசனில நிப்பாட்டன்" என்பார். நான் ஸ்ரேசனைத் தாண்டி விட்டுவிட்டு நிறுத்துவேன். "மெதுவா விடன்" என்பார். "ஓம் அண்ணை" என்று கொஞ்சம் கூட்டுவேன். கேற்றுக்கு நிறம் சொன்ன வாய் இப்போது கெஞ்சியது. அது எனக்கு இனித்தது. அந்த இனிப்புக்காகவே கடையை நேரத்தோடு பூட்டிய நாட்களும் உண்டு.

திருவிழாவின் கடைசி நாள் அவரைக் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். வீதியோரக் கடையில் ஒரு சிறுமி அன்ரனா நீட்டிய றிமோட்டால் கார் ஓட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பொலிஸ்காரர் ஒருவர் ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணை என்னை நிமிர்ந்து பார்த்தார். "உது பதிஞ்ச சாமான், அண்ணை. கடைக்காரர் பெமிற் எடுத்துத்தான் விக்கிறவை" என்றேன். தலையாட்டினார். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். அவர் நம்பிய வேகத்துக்கு எனக்கு இரண்டே போதுமாக இருந்தது.

ஒருநாள் ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போது அவராகவே சொன்னார். "உதை நான் தொடங்கின மாசம் உங்களைப்பற்றி ஒரு கதையும் இல்லை. போன் இல்லை, ஒண்டும் இல்லை. ஐயா இருக்கிறாரோ, நீ இருக்கிறியோ தெரியாது. நித்திரை வராது. கை சும்மா இருந்தால் விசர் பிடிக்கும்போல இருந்தது. ஆரோ குப்பையில போட்ட பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து தொடங்கினனான்."

என் விரல் போனின் கண்ணாடியில் இருந்தது. நான் ரயிலை நிறுத்தவில்லை. அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் குமிழ் வைத்ததை எடுப்பித்திருப்பார், அடுத்த பயணத்தில் யாராவது கொண்டுவந்திருப்பார்கள், அவர் தானே ஓட்டியிருப்பார். ஆனால் ஏன் சொன்னேன் என்றும் சொல்லவேண்டி வந்திருக்கும். என்னை அவர் பார்க்கிற பார்வையை இழக்க எனக்கு மனமில்லை. அவரை வெறுத்துக்கொண்டே அவருடைய மதிப்பும் வேண்டுமென்று இருந்தேன். அப்படிப்பட்டவன் நான்.

மழை தொடங்கியதும் டெங்கு பார்க்கிற சுகாதாரப் பகுதியினர் வீடு வீடாக வந்தார்கள். சீருடை, கையில் பதிவுப் புத்தகம். கேற்றடியில் அவர்களைக் கண்ட அண்ணை, நாங்கள் அறைக்குள் போகுமுன்னே, வைஃபைப் பெட்டியைப் பிடுங்கி மடியில் கிடந்த போர்வைக்குள் ஒளித்துவிட்டார். நடக்க முடியாத மனிதர் எப்படி எட்டிப் பிடுங்கினாரோ தெரியாது. பலகையின் விளிம்பில் நின்ற எஞ்சின் வயரோடு இழுபட்டுச் சீமெந்துத் தரையில் விழுந்து இரண்டாகக் கிடந்தது. நாற்காலிக்குக் கீழே ஈரம்.

வந்த பெடியன்களில் ஒருவன் எட்டிப் பார்த்து, "ஐயா, இது ரயிலோ? ஓடுமோ?" என்று ஆசையோடு கேட்டான்.

"அன்ரனா இல்லைத் தம்பி. போன்லதான் ஓட்டுறனாங்கள். என்ர தம்பிக்கு ஒண்டும் தெரியாது, எல்லாம் என்ர சாமான்" என்றார் அண்ணை.

அவன் விளங்காமல் என்னைப் பார்த்தான். நான் பூச்சாடித் தண்ணீரைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வந்து அவரைக் கழுவி, சாரம் மாற்றிவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இரவு சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் சிநேகிதருக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டார். லண்டனில் வயதானவர்களைப் பார்க்கிற ஒரு விடுதியில் அவருக்கு இடம் கிடைத்தது. "நான் இஞ்ச இருந்தால் உங்களுக்குத்தான் ஆபத்து" என்றார். ரயிலை என்னிடமே விட்டுவிட்டார். விடுதியில் அவருக்கு ஒரு கட்டிலும் ஒரு அலுமாரியும்தானாம்.

"இண்டைக்கெண்டாலும் சொல்லுங்கோ" என்று மனைவி ஒவ்வொரு காலையும் என்னிடம் சொன்னாள். "நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன்" என்றுகூட ஒருநாள் சொன்னாள். சொல்லவில்லை. புருசனைக் காட்டிக்கொடுக்க அவளால் முடியவில்லை. அதையும் நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

விமான நிலையத்துக்குப் போகிற வான் காலையில் வந்தது. சாரதியும் நானுமாக அவரைத் தூக்கி இருத்தினோம். பெல்ற்றைப் பூட்டிவிட்டேன். அவர் வலது கையால் என் கையைப் பிடித்தார். என் கைக்குள் அது நடுங்காமல் இருந்தது.

"நீ மட்டும் அண்டைக்குச் சொல்லாமல் விட்டிருந்தால், என்னால உங்கள் எல்லாருக்கும் பெரிய கரைச்சல் வந்திருக்கும். அண்ணனுக்குப் புத்தி சொல்ல ஒரு தம்பி வேணுமடா."

மனைவி கேற்றைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம் அண்ணை" என்றேன். வான் கதவை நானே இழுத்துச் சாத்தினேன்.