எழுபத்தொன்றாம் இதழ் புன்னைக்காயலில் இருந்தது

ஹை-ஃபை ஆடியோவுக்கென்றே தமிழில் ஒரு மாத இதழ் வந்தது என்றால் இன்று யாரும் நம்புவதில்லை. ரேடியோ மெக்கானிக் ஒருவர் மதுரையில் சைக்ளோஸ்டைல் தாளில் தொடங்கி வண்ண அட்டை வரைக்கும் கொண்டுவந்தார். எழுபத்தொரு இதழோடு நின்றுபோனது. ஏன் என்று தெரியவில்லை. ஆசிரியரும் இப்போது இல்லை. அதன் வரலாற்றை எழுதும் என்னிடம் கடைசி இதழ் மட்டும் இல்லை. அது கிடைக்காமல் புத்தகத்துக்கு முடிவு இல்லை. அதனால் வாசகர் கடிதத்தில் மாதம் தவறாமல் சண்டை போட்ட ‘சேவியர், புன்னைக்காயல்’ என்பவரைத் தேடி, போன சனிக்கிழமை கிளம்பினேன்.

தூத்துக்குடியில் காலை 9.40க்குத் திருச்செந்தூர் பஸ். ஆத்தூருக்கு முப்பது ரூபாய், முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றைம்பது.

“சவுண்டு சர்வீஸ் சேவியரா? கோயில் கொடியேத்துக்கு செட்டு கட்டிக்கிட்டு பட்டறையிலதான் இருப்பாவ” என்று டிரைவர் நேரே பட்டறை வாசலில் இறக்கிவிட்டார்.

சேவியர் அண்ணாச்சிக்கு அறுபது தாண்டியிருக்கும். இதழின் பெயரைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. “ஒரு வார்த்த சொல்லாம நிப்பாட்டிட்டாவ தம்பி. எத்தன மாசம் தபால்காரர மறிச்சிருப்பேன்! கோவத்துல எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டேன்.”

ஒன்றுகூட மிஞ்சவில்லையா என்று கேட்டேன்.

“கடைசியா வந்த சர்க்யூட்டுத் தாள மட்டும் கிழிச்சு வச்சேன். உப்புக்காத்து தின்னுருமேன்னு லேமினேட் போட்டேன்” என்று சுவரைக் காட்டினார். ஆணியடித்து மாட்டிய ஆம்பிளிஃபயர் வரைபடம். கீழே பொடி எழுத்தில் ‘இதழ் 71’. அவருடைய ஆம்பிளிஃபயர்கள் எல்லாம் அதைப் பார்த்துச் செய்தவைதானாம்.

அனுமதி கேட்டுக் கழற்றித் திருப்பினேன். பின்பக்கம் ஆசிரியரின் கடிதம். “என் இரண்டு காதும் போய்விட்டன. கேட்காத ஒன்றை நன்றாக இருக்கிறது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். இத்தனை நாள் என்னோடு சேர்ந்து கேட்டதற்கு நன்றி.”

அண்ணாச்சி இரண்டு முறை படித்தார். “திருப்பிப் பாக்காமப் போனேனே தம்பி. ஒரு கார்டாவது போட்டிருப்பேனே.”

நான் தேடிப்போன முடிவு கிடைத்தது. கோபத்திலும் அந்த ஒரு தாளை விட்டுவைத்த அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. போக நினைப்பவர்கள் ஆத்தூரிலேயே சாப்பிட்டுவிடுங்கள். திரும்பி வர ஆட்டோவை முதலிலேயே பேசி நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய தாள் எதைப் படமெடுத்தாலும் பின்பக்கத்தையும் எடுங்கள்.

நான் கிளம்பும்போது அண்ணாச்சி மைக்கைச் சோதித்தார். வழக்கமான ‘ஹலோ, ஹலோ’ இல்லை. அந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து நிறுத்தி நிதானமாக வாசித்தார். ஊர் முழுக்கக் கேட்டது. ஆட்டோவை ஓரம்கட்டச் சொல்லி, கடைசி ‘நன்றி’ வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.