மஞ்சள் தடவிய வாபஸ் கடிதம்

எனக்கு இங்கிலீஷ் கற்றுத் தந்தது பள்ளிக்கூடம் இல்லை. மயிலாடுதுறையில் நான் வேலை பார்த்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் நகல் ஃபைல்தான். சுற்றுவட்டாரத்தில் யாருக்கு இங்கிலீஷில் கடிதம் வேண்டுமென்றாலும் எங்களிடம் வருவார்கள். அடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்துக்கும் கார்பன் வைத்து ஒரு நகல் எடுத்து ஃபைலில் கோக்க வேண்டும். வேலையில்லாத மத்தியானங்களில் அதை எடுத்து வைத்துப் படிப்பேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பாதி ஊர் துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் கிளம்பிக்கொண்டிருந்தது, மீதி சென்னைக்கு. கிளம்புகிறவர்கள் முதலில் எதிலிருந்தாவது விலக வேண்டியிருந்தது. ஆகவே விலகுவதற்கான இங்கிலீஷ் எனக்கு அத்துப்படி.

வேலையை விடுவதற்கு ‘ரிசைன்’. ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் அதை அப்படியே போட விடமாட்டார்கள். “ரொம்ப மொட்டையா இருக்கும்மா, ‘தயவுசெய்து என்னை விடுவிக்கவும்’னு போடுங்க” என்பார்கள். துபாய் டிக்கெட் சட்டைப் பையில் இருக்கும், கடிதத்தில் மட்டும் கெஞ்சல்! மனுவோ வழக்கோ, தானே கையெழுத்துப் போட்டு நீட்டிய எதையும் திரும்ப வாங்குவதற்கு ‘வித்ட்ரா’. வருகிறவர்கள் வாயில் அது வாபஸ்தான். சரி சரி என்று தலையாட்டிவிட்டுக் கடைசி நேரத்தில் நழுவுகிறவனுக்கு ‘பேக் அவுட்’. அதைத் தன்னைப் பற்றி எழுதச் சொன்ன ஒரு ஆளைக்கூட நான் பார்த்ததில்லை. எப்போதும் அடுத்தவன்தான் நழுவியிருப்பான், பெரும்பாலும் விசா ஏஜெண்ட். ‘ரிட்ரீட்’ என்பது தோற்ற படைக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். பக்கத்து மிஷினில் இருந்த லுத்தரன் பெண் வருஷம் தவறாமல் மூன்று நாள் லீவு போட்டு, “ரிட்ரீட்டுக்குப் போறேன்” என்று சிரித்த முகமாகக் கிளம்புவாள். ஜெபத்துக்காக ஒதுங்கி இருக்கப் போகிறாளாம். தோற்காமலும் பின்வாங்கலாம் என்று அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த வருஷம் ஆனியில் நானும் ஒரு விண்ணப்பம் போட்டேன். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று சென்னையில் புதிதாக ஆபீஸ் திறந்து, கடிதப் போக்குவரத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது. ஆடி பிறந்ததும் பதில் வந்தது. மாதக் கடைசியில் இன்டர்வியூ. கால் தரையில் பாவவில்லை எனக்கு. அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும்தான்.

பெரியப்பா அடுத்த வீடு. எங்கள் வீட்டில் எது நடக்கவும் அவர் வாய் திறக்க வேண்டும். அப்போது அவர் எனக்குக் கும்பகோணத்தில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார். மெட்ராஸில் தனியாக இருந்து வேலை பார்க்கும் பெண் அவர்களுக்கு ஆகாது. “வாபஸ் வாங்கிடு. நீதான் டைப் அடிக்கிறியே, அழகா ஒரு லெட்டர் அடிச்சுக் கொண்டா” என்றார். அப்பா வழக்கம்போல, “சரிண்ணே” என்றார். வாய்க்காலில் ஆளுக்கொரு நாள் என்று விடும் முறைத்தண்ணீர் எங்களுடையதாக இருக்கும் நாளில்கூட, பெரியப்பா தன் வயல் மடையைத் திறந்துகொண்டால் அப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அப்பா மேல் எனக்கு உயிர். ஆனால் அன்றைக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் அடித்தேன். எத்தனையோ பேருக்கு அடித்துக் கொடுத்த அதே ‘வித்ட்ரா’. எனக்காக அடிக்கும்போது எழுத்தெழுத்தாகக் குத்தினேன். அழுகை இல்லை, கோபம். மிஷின் உடையாமல் தப்பித்ததே பெரிய விஷயம்.

பெரியப்பா உறையை வாங்கி, கல்யாணப் பத்திரிகைக்குச் செய்வதுபோல நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினார். பிறகு காலண்டரைப் பார்த்தார்.

“இன்னைக்கு அஷ்டமி. நாளைக்கு நவமி. அட, ஆடி வேற! ஆடியில புதுசா எதையும் ஆரம்பிக்கக் கூடாது. ஆவணி பொறக்கட்டும், நானே போஸ்ட் பண்றேன்.”

எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் உறையைச் செருகினார். வேண்டாம் என்று சொல்லும் கடிதத்துக்கு மஞ்சளாம், நல்ல நாளாம்!

“இன்டர்வியூ ஆடியிலயே வருதே, பெரியப்பா?”

“அதுக்கு நீ போகாம இருந்தா போதும். லெட்டரெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான்.”

அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. “நான் விண்ணப்பம் போட்டது ஆனியில. ஆரம்பிச்சது அப்பவே ஆரம்பிச்சாச்சு. இப்ப போறது புதுசு இல்ல பெரியப்பா, நிறுத்துறதுதான் புதுசு. ஆடியில புதுசா எதுவும் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“வாயைப் பாரு! கேட்டியாடா, உன் பொண்ணு பேசறதை?” என்று அப்பா பக்கம் திரும்பினார்.

அப்பா அப்போதுதான் வயலிலிருந்து வந்து வாசற்படியருகே நின்றுகொண்டிருந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. இதோ வரப்போகிறது ‘சரிண்ணே’ என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்பா தன் காலையே பார்த்துக்கொண்டு, “சம்பா நாத்தங்காலுக்கு இப்பத்தான் விதை தெளிச்சிட்டு வரேன். இதுவும் ஆடிதான். முளைக்காமலா போயிடும்?” என்றார்.

“அப்ப என் பேச்சுக்கு என்னடா மரியாதை?”

“மரியாதை இருக்குண்ணே. அவ போவா.”

அப்பா கால் கழுவக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

ஆடிக் கடைசியில் அப்பாவே கூட வந்து, அந்த ஆபீஸ் வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். உள்ளே எனக்கு வைத்த பரீட்சை என்ன தெரியுமா? ஓர் ஒப்பந்தத்திலிருந்து கம்பெனி விலகுகிறது, எதிராளி மனம் நோகாமல் அதைத் தெரிவித்து அரை மணி நேரத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டும். சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! மூன்று வருஷமாக நான் வேறு என்ன செய்துகொண்டிருந்தேன்? பத்தே நிமிஷத்தில் எழுதி நீட்டினேன். படித்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். மயிலாடுதுறை என்றேன்.

ஆவணி முதல் வாரத்தில் ஆர்டர் வந்தது. தகவல் கேட்டு வந்த பெரியப்பா அதை வாங்கி நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்தின் முன்னால் வைத்தார். பின்னால் கையை விட்டுப் பழைய உறையை எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

“இதைக் கிழிச்சுப் போடு. ஆடியில அவசரப்பட வேண்டாம்னு நான் அப்பவே சொன்னேன்ல?”

இங்கிலீஷில் இதற்கு ‘பேக் டவுன்’ என்று பெயர். பிடித்த பிடியிலிருந்து இறங்கி வருவது. எங்கள் ஃபைலில் அந்த வார்த்தை ஒரு தடவைகூட வந்ததில்லை. அதற்குக் கடிதம் அடிக்கச் சொல்லி யாரும் வருவதில்லை, மஞ்சளோடு முடித்துக்கொள்வார்கள். எனக்குப் பெரியப்பா மேல் இருந்த கோபம் அத்தோடு போய்விட்டது. உறையை மட்டும் கிழிக்காமல் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

நான் சென்னைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் எங்கள் வயலுக்கு முறைத்தண்ணீர். அப்பா மண்வெட்டியோடு வாய்க்காலுக்குப் போனார். வயல் நிரம்பிய பிறகுதான் வீட்டுக்கு வந்தார்.