ஹோல்ராய்ட் வீட்டுக் கணப்பின் வாய்

"தேவைக்கு மேல ஒத்தச் செங்கல்லப் பேத்ததா என் சரித்திரத்துலயே கிடையாது!"

பர்ன்லி நகரத்துத் தெருமுனை பப்பில் வில்ஃப் ஹோல்ராய்ட் இப்படிப் பிரகடனம் செய்தபோது, கேட்டவர்கள் மரியாதையாக பியர் கிளாஸைக் கீழே வைத்தார்கள். மனிதர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். செங்கல்லோடு அவருக்கிருந்த ஒரே தொடர்பு, டிப்போ சுவரில் ஒருதரம் மோதியதுதான்.

காரியம் சின்னது. புது கேஸ் கணப்பு முன்னறையில் பெட்டியோடு நின்றது. சுவரில் இருந்த பழைய கணப்பின் வாய் அதற்கு அரைச் செங்கல் அகலம் போதவில்லை. வெள்ளிக்கிழமை கேஸ்காரர் வருவதற்குள் அகலப்படுத்திவிட்டால், மூட்டுவலிக்கார மனைவி டோரீன் இந்தக் குளிர்காலத்திலாவது வீட்டுக்குள் கோட்டைக் கழற்றலாம்.

அரைச் செங்கல் எடுத்தாயிற்று. வில்ஃப் சும்மா ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலித்தது!

"டோரீன், பின்னாடி இன்னொரு அடுப்பு இருக்கு!"

"இருந்துட்டுப் போகட்டும். உன்கிட்ட சோறா கேட்டுது?"

கேட்கவில்லைதான். ஆனால் அந்தத் தெருவில் எவரும் பழைய கணப்பைத் தூக்கிப் போட்டதில்லை. முன்னால் செங்கல் அடுக்கிப் புதியதை வைத்துவிடுவார்கள்; சுவருக்குள் கணப்புக்குப் பின் கணப்பு. வில்ஃப் பெயர்த்தார். முதலில் ஒரு வளைவு. அதற்கும் பின்னால், ரொட்டி சுட்ட இரும்பு அடுப்பின் துருப்பிடித்த கதவு. கதவுக்குள் கரி. கரிக்கு அப்பால்? தலையை விட்டுப் பார்த்தார். பிறகு தோளையும்.

வெள்ளிக்கிழமை கேஸ்காரர் க்ளெக் வந்து நின்று நிதானமாகப் பார்த்தார்.

"இதுல கணப்பு வைக்கணுமா, பஸ்ஸ நிறுத்தணுமா?"

"உள்ள அந்தக் கதவப் பாருங்களேன்..."

"கதவு கிடக்கட்டும் மிஸ்டர். கணப்போட முன்தகடு சுத்திவர சுவரோட ஒட்டணும், இல்லாட்டி புகை வீட்டுக்குள்ளதான். வியாழக்கிழமை திரும்ப வரேன், அதுக்குள்ள அடைச்சு வையுங்க. தவறினா கிறிஸ்துமஸ் கழிச்சுத்தான் வருவேன்."

டோரீன் கோட்டின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்த வில்ஃப், அந்த அரைச் செங்கல் நீங்கலாக, பெயர்த்ததையெல்லாம் திரும்ப அடுக்கிச் சாந்து பூசினார்.

வியாழக்கிழமை கேஸ் எரிந்தது. டோரீன் கோட்டைக் கழற்றிப்போட்டுவிட்டு, முழங்காலை நெருப்புக்குக் காட்டிச் சாய்ந்தார்.

"ஒரு டீ போடேன், வில்ஃப்."

பக்கத்து நாற்காலி காலி.

மாடிப் படுக்கையறையில் பலகை அடித்து மூடிய குட்டிக் கணப்பு ஒன்று உண்டு. பலகையைச் சத்தமில்லாமல் கழற்றி வைத்துவிட்டு, பின்சுவரில் காதை ஒட்டிக்கொண்டு, வில்ஃப் ஒரு செங்கல்லை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தார்.