பௌர்ணமியில விழுந்த பொரிப்பு

மாமா செத்தது ஒரு பௌர்ணமி அன்னிக்குக் காலைல. செங்கம் ரோட்டுல நான் வேலை பாக்குற காபிக் கடையில அப்பதான் ஷட்டரைத் தூக்கியிருந்தேன். அம்மா போன் பண்ணி, "உன் மாமா போயிட்டான்டி"ன்னாங்க. சரிம்மான்னேன். எதிர்ல நின்ன வெளிநாட்டுக்காரருக்கு ஒரு காபி போட்டுக் குடுத்துட்டுதான் கிளம்பினேன்.

மாமான்னா அம்மாவோட தம்பி. அடி அண்ணாமலைல கொஞ்சம் நெல்லு, கொஞ்சம் மல்லாட்டைன்னு பயிர் வெப்பாரு. அது போக, வீட்டுக்குப் பின்னாடியே அத்தையோட அண்ணன் ஒரு கோழிக்குஞ்சு ஹேச்சரி போட்டிருந்தாரு. வெளிய ஆர்டர் பிடிக்கிறது அவரு, உள்ள மிஷினைப் பாத்துக்கிறது மாமாவும் அத்தையும். மிஷின்ல சூடு காட்ட மீட்டர் இருக்கு. மாமாவுக்கு அது பத்தாது. முட்டையை எடுத்து மூடின கண்ணு மேல வெச்சுப் பாப்பாரு. குஞ்சுங்க பொரிஞ்சு முடிச்ச பிறகும் தட்டுல சில முட்டை உடையாம கிடக்கும். அதுங்களையும் ஒன்னொன்னா கண்ணுல வெச்சு, சூடு இருந்தா உள்ள உசுரு இருக்குதுன்னு "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்"பாரு. சில்லுனு இருந்தா "கொட்டிடு"ம்பாரு. மீட்டர் என்ன மாலை போட்டுக் கும்பிடவா வாங்கினீங்கன்னு நான் கிண்டல் பண்ணுவேன். சிரிக்கக்கூட மாட்டாரு மனுஷன்.

முட்டை வெச்சா இருபத்தோரு நாள்ல குஞ்சு வந்துடும். அதனால வெக்கும்போதே காலண்டரைப் பாத்து, பொரிப்பு பௌர்ணமியில விழாம வெப்பாங்க. வீடு கிரிவலப் பாதையில இருக்குது. அன்னிக்கு மத்தியானத்துக்கு மேல ஒரு வண்டி உள்ள வராது, வெளியவும் போவாது. அந்தத் தடவை மாமா தப்பா வெச்சுட்டாரு. தெரிஞ்சதும் அத்தை பிடி பிடின்னு பிடிச்சுட்டாங்களாம். "விடுடி, காலைலயே வண்டியை வரச் சொல்லிடலாம்"ன்னாராம். அப்பவே அவருக்கு உடம்பு சரியில்லன்னு இப்ப ஆளாளுக்கு சொல்றாங்க. எனக்குத் தெரியாது.

நான் போனப்ப மாமாவை வாசல்ல பெஞ்சுல போட்டிருந்தாங்க. அத்தை தலைமாட்டுல உக்காந்திருந்தாங்க. அழல. பின்னாடி ஹேச்சரிக் கொட்டாயில குஞ்சுங்க கத்துறது மேளத்தையும் தாண்டிக் கேட்டுச்சு. குஞ்சு ஏத்திட்டுப் போற கீழ்பென்னாத்தூர் வண்டி வந்து ஓரமா நின்னுக்கிட்டு இருந்துச்சு. பொரிஞ்ச குஞ்சை மிஷின்லயே விட்டா சூட்டுல காஞ்சு செத்துடும். வேலைக்கு வர்றவங்க எழவு வீடாச்சேன்னு கையைக் கட்டிக்கிட்டு நின்னாங்க. பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருத்தர், "எடுக்கிறதுக்கு முன்னாடி வீட்டுலருந்து ஒன்னும் வெளிய போவக்கூடாது"ன்னாரு. எடுத்த பிறகுன்னா, ரோட்டை அடைச்சுடுவாங்க.

அத்தை எழுந்தாங்க. முந்தானையை இழுத்துச் செருகினாங்க.

"அது அவரு வெச்ச முட்டைங்க. ஒன்னைக்கூட சாவ விடமாட்டேன். நீங்க என்னா வேணா பேசிக்கங்க."

பேசத்தான் செஞ்சாங்க. புருஷன் பொணம் கிடக்குது, இவ குஞ்சு பொறுக்கப் போறாளேன்னு என் காதுலயே விழுந்துச்சு. அத்தை பின்னாடியே போனேன்.

ரெண்டு பேரும் குஞ்சுங்களை அள்ளி அள்ளி ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில விட்டோம். கையில கதகதன்னு இருந்துச்சுங்க. பெட்டிங்களை ஏத்தி முடிக்கவும், முகம் பாக்க வான்னு அத்தையைக் கூப்பிடவும் சரியா இருந்துச்சு. புடவையெல்லாம் குஞ்சுங்களோட மஞ்சள் முடி ஒட்டியிருக்க, போயி நின்னாங்க. அப்பவும் அழல. வண்டி முன்னாடி போச்சு. அது பின்னாடியே மாமாவை எடுத்துக்கிட்டுப் போனாங்க.

சாயங்காலம் ரோடு முழுக்க கிரிவல ஜனம். தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்ட ஈரத்தோட அத்தை கொட்டாய்க்கு வந்தாங்க. தட்டுல பொரியாத முட்டைங்க அப்படியே கிடந்துச்சு. இதை என்ன பண்றது அத்தைன்னு கேட்டேன்.

"உங்க மாமா பாத்துட்டு சொல்லட்டும்"ன்னாங்க.

சொல்லிட்டு என்னைப் பாத்தாங்க. நான் தட்டைப் பாத்தேன். அப்புறம் ஒரு முட்டையை எடுத்து, அவரு மாதிரியே கண்ணை மூடி மேல வெச்சேன். சூடா இருக்கா, சில்லுனு இருக்கான்னே எனக்குப் புரியல.

"தெரியல அத்தை."

"குடு இப்படி."

வாங்கி அவங்க கண்ணு மேல வெச்சுக்கிட்டாங்க. இத்தனை வருஷத்துல அவங்க அப்படி வெச்சு நான் பாத்ததில்ல. வெச்ச கையை எடுக்கவே இல்ல. நான் தட்டோட நின்னுக்கிட்டே இருந்தேன். முட்டைக்கு அடியில கண்ணீர் கோடா இறங்கி மூக்கு ஓரம் வந்துச்சு.

"சில்லுனு இருக்குதுடி"ன்னாங்க. "கொட்டிடு."