துப்பட்டாவில் பட்ட சாயம்

காசு அனுப்பப் போவதற்கு உதட்டுச்சாயம் பூசிக்கொள்கிற பெண்களை நான் குவைத்துக்கு வந்துதான் பார்த்தேன். வெள்ளிக்கிழமை லீவு. எக்ஸ்சேஞ்ச் கடை வாசலில் பிலிப்பைன்ஸ் பெண்கள் கல்யாண வீட்டுக்கு வந்தவர்களைப் போல நிற்பார்கள். ரசீதைக் கையில் பிடித்து செல்ஃபி எடுத்து, அங்கேயே ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதே வரிசையில் நான் துப்பட்டாவை மூக்குவரை இழுத்துவிட்டு நிற்பேன். மதுரைக்காரர் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்கிற பயம்தான்.

நானும் பிலிப்பைன்ஸ்காரி மரிசெல்லும் ஒரே வீட்டில் வேலை பார்க்கிறோம். எனக்குச் சமையல், அவளுக்கு அந்த வீட்டுப் பிள்ளைகள். சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான், பெரும்பகுதி ஊருக்குப் போவதும் ஒன்றுதான். போய்ச் சேர்ந்த பிறகுதான் இரண்டு பணமும் வேறு வேறாகிவிடுகின்றன. அவள் அம்மா புது வீட்டு வாசலில் மகள் பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறாள். என் மகள் குவைத்தில் பிள்ளை வளர்க்கிறாள் என்று கேட்காதவர்களிடமும் சொல்வாளாம். மதுரைப் பக்கம் எங்கள் ஊர் பரவையில் என் பணத்தில் எழுந்த வீட்டுக்குத் தம்பியின் பெயர். அதில் எனக்கு வருத்தமில்லை. மார்க்கெட்டில் காய்கறிக் கடை போட்டு, என் வீட்டுக்காரர் இறந்த பிறகு என் மகள் செல்வியை வளர்த்தவன் அவன்தான். ஆனால் ஊருக்குள் அவன் என்னை நர்ஸ் ஆக்கிவிட்டான். போன லீவில் ஒரு காதணி விழாவுக்குப் போயிருந்தேன். எங்கள் பக்கம் மொய்யை மைக்கில் வாசிப்பார்கள் அல்லவா, "குவைத் நர்ஸ் அக்கா" என்று என் மொய்யைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். சாப்பிட்ட இலையை மூடுவதற்குள் ஒரு அம்மா மாத்திரை அட்டையை நீட்டினார். "இத சோத்துக்கு முன்னாடி போடணுமா, பின்னாடியா தாயி?"

"ஒங்க டாக்டர்ட்ட கேட்டுக்கங்கம்மா" என்று சொல்லித் தப்பித்தேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது செல்விக்குத் திருநகரிலிருந்து வரன் வந்தது. பையனின் அம்மா என்னை வீடியோவில் பார்க்க வேண்டுமாம். தம்பி போனில் சொன்னான், "அக்கா, வெள்ளக் கோட்டு ஒண்ண மாட்டிக்கிட்டுப் பேசு. இம்புட்டு தூரம் வந்துட்டுத் தட்டிப்போச்சுன்னா புள்ள தாங்காது." செல்வி பக்கத்தில்தான் இருந்தாள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது.

மரிசெல்லின் சிநேகிதி ஒருத்தி கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். அவளிடம் ஒரு நர்ஸ் கோட்டு வாங்கித் தரச்சொல்லி, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மரிசெல்லிடம் கேட்டேன். கேட்டதும் மரிசெல் என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டாள். எனக்கு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். இல்லை என்று விளக்க எனக்குப் பாஷை போதவில்லை. பாஷை இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா, தெரியாது.

கோட்டைப் போட்டுக்கொண்டு பேச உட்கார்ந்தேன். பரவை வீட்டுக்கு வந்திருந்த பையனின் அம்மா, செல்வியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நல்லபடியாகத்தான் பேசினார். பாதியில் மரிசெல் வந்து என் தோளில் கை போட்டு, "மை சிஸ்டர். ஸேம் ஹவுஸ் குக். நவ் நர்ஸ்" என்றாள்.

"யாரு மதினி அது, குக்குங்குது?"

செல்விதான் சட்டென்று சொன்னாள், "அம்மா ஆஸ்பத்திரில சமைக்கிற பொம்பள அத்தை. அம்மாட்ட ரொம்ப ஒட்டிக்கும்."

"வேலைக்காரிக்கு எம்புட்டு எடம் குடுத்து வச்சிருக்கீங்க மதினி. தோள்ல கையப் போட்டுல நிக்கிறா."

நான் சிரித்தேன். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். எதற்கென்று தெரியாமல் மரிசெல்லும் சிரித்தாள்.

போனை வைத்ததும், "என்ன சொன்னாங்க ஆத்தே?" என்று கேட்டாள். ஆத்தே என்றால் அவள் பாஷையில் அக்கா.

"நீ அழகா இருக்கியாம்" என்றேன்.

வரன் முடிந்துவிட்டது. நிச்சயதார்த்தத்துக்குப் பணம் அனுப்ப நேற்று இருவரும் எக்ஸ்சேஞ்சுக்குப் போனோம். மகள் கல்யாணத்துக்கு அனுப்புகிற காசு, இப்படியா வந்து நிற்பாய் என்று மரிசெல் என் துப்பட்டாவை இறக்கிவிட்டு, தாடையைப் பிடித்து, தன் உதட்டுச்சாயத்தை எனக்குப் பூசினாள். போட்டோ எடுத்தாள். இரண்டு பேருக்கும் ஒரே சிவப்பு. செல்விக்கு அனுப்பட்டுமா என்றாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். கவுண்டரில் என் முறை வந்ததும் துப்பட்டாவை மறுபடி மூக்குவரை ஏற்றிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தால் உட்பக்கம் என் உதடு அப்படியே சிவப்பாகப் பதிந்திருந்தது. நேற்றே சோப்பில் ஊறப்போட்டேன். இன்னும் போகவில்லை.