மதகு மூடியவனின் சந்தேகம்

சோழவரத்துப் பூவம்மாள் நாலு பிள்ளை பெற்றவள், நாள் தவறாமல் கழனியில் பாடுபட்டவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் அவள் புருஷன், ஏரி மதகைத் திறந்து மூடும் தணிகாசலம், முகாமில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டான். மூன்றாம் மாதம் அவளுக்கு மசக்கை.

"ஆபரேஷன் பண்ணிக்கினவன் நானு. இது யாருதுடீ?" என்று தெருவே கேட்கக் கத்தினான்.

அழுது முடங்குகிற ஆளா அவள்? அவனை இழுத்துக்கொண்டு முகாமில் இருந்த நர்சம்மாவிடம் போனாள்.

"ஆபரேஷனுக்கு அப்புறமும் மூணு மாசம் உள்ளாற விந்தணு தங்கியிருக்கும், சம்சாரத்துகிட்ட சொல்லி ஜாக்கிரதையா இருன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேப்பா!" என்றாள் நர்சம்மா.

வெட்கமாக இருந்ததாம், வீட்டில் சொல்லவில்லையாம். பழி போட மட்டும் வெட்கமில்லை!

அதே தெருவில் அவனை நிறுத்திக் கேட்டாள் பூவம்மாள்: "யோவ், நீ மதகை மூடினப்புறமும் ரெண்டு நாளு கால்வாயில தண்ணி ஓடுதே, அது எந்த ஏரித் தண்ணின்னு என்னிக்காவது கேட்டிருக்கியா?"